பூச்சட்டியில் பூச்சியா? மலைக்கு அடிக்கிற மருந்து வேண்டாம்!

நமது லயங்களில் பூச்சட்டி இல்லாத இஸ்தோப்பைக் காண்பது அரிது. பால்மா டின்னிலும் பழைய வாளியிலும் அந்தூரியம், பிகோனியா, குரோட்டன் என்று தாய்மார்கள் ஆசையோடு வளர்க்கிறார்கள். சிலர் காம்பராவுக்குள்ளேயும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பூச்சி விழுந்தால், "மலைக்கு அடிக்கிற மருந்துல கொஞ்சம் ஊத்துனா போதும்" என்று சொல்வோர் உண்டு. இந்தப் பழக்கத்தை நாம் உடனே நிறுத்த வேண்டும்.

ஏன் கூடாது?

தேயிலை மலையில் அதிகம் அடிப்பது களைநாசினி. அது பூச்சியைக் கொல்லாது, செடியைத்தான் கொல்லும். பூச்சிமருந்தோ வெட்டவெளியில், பாதுகாப்பு உடை போட்டு அடிக்க வேண்டியது. நாம் ஒரே காம்பராவில் சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம். தவழுகிற பிள்ளை இலையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மருந்தைக் குடிபானம் என்று குடித்தும் விடும். மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடொபொஸ் ஆகியவை 1995இலும், என்டோசல்பான் 1998இலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. நஞ்சால் பல உயிர்கள் போனதே காரணம். இப்போது விற்பவையும் நஞ்சுதான்.

என்ன பூச்சி என்று பாருங்கள்

இலைக்கணுவில் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தால் மாவுப்பூச்சி. துளிரில் கூட்டமாக மொய்த்தால் அழுக்கணவன். தண்டிலும் நரம்பிலும் பழுப்புப் பொட்டாக ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்வது செதிற்பூச்சி.

இம்மூன்றும் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை விடுகின்றன. அதன்மேல் கறுப்புப் பூஞ்சணம் படியும். அதை அடுப்புக் கரி என்று நினைத்துவிடாதீர்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் பூச்சியின் வேலை. எறும்பு வருவதும் அந்த இனிப்புக்காகத்தான்.

என்ன செய்யலாம்?

1. பூச்சி பிடித்த சட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மோசமான இலைகளை வெட்டி எரித்துவிடுங்கள்.

2. ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடையுங்கள். செதிற்பூச்சியைப் பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள்.

3. ஒரு லீற்றர் தண்ணீரில், சீவிய சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி கரையுங்கள். முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் மாலையில் செடி முழுவதும், முக்கியமாக இலையின் அடிப்பக்கம், தெளியுங்கள். ஓரிரு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

4. சவர்க்காரத் தண்ணீர் பூச்சியின் மேல் படவேண்டும். காய்ந்தபின் வேலை செய்யாது. முட்டைகளும் தப்பிவிடும். ஆகவே வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம் செய்யுங்கள். "ஒரு தடவ அடிச்சோம், போகலியே" என்று விட்டுவிடக் கூடாது.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். சட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும்.

யாராவது மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மருந்துப் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

செடி போனால் இன்னொரு கிளை ஒடித்து நடலாம். பிள்ளையின் உயிர் அப்படியல்ல. மலை மருந்து மலையோடு இருக்கட்டும்!