முகாம் அடுப்புக்கு எந்த கேஸ் மலிவு?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் கூடாரம் ஏற்றிய கார்களைப் பார்க்கலாம். உலு சிலிம் வெந்நீர் ஊற்றுக்கும் ஆற்றங்கரை முகாம்களுக்கும் போகிறவர்கள். வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு எந்த கேஸ் கட்டுப்படியாகும்? மாணவர்களே, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 315 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அடுப்பு வெப்பத்தில் பாதி காற்றோடு போய்விடும் என்று கொள்வோம். அப்படியானால் 630 கிலோஜூல். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 46,000 கிலோஜூல் கிடைக்கும். ஆகவே ஒரு லிட்டருக்குச் செலவாவது ஏறக்குறைய 14 கிராம்.

வீட்டு எரிவாயு தோம்பின் விலை, உதவித்தொகை போக, கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு. 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. அந்த 14 கிராமுக்கு மூன்று காசுகூட ஆகாது. கையடக்க அடுப்பில் செருகும் 230 கிராம் டின்னை நான்கு வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதே தண்ணீருக்கு 24 காசு. ஒன்பது மடங்கு! உங்கள் கடையின் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

ஆனாலும் இரண்டு நாள் முகாமுக்கு டின்தான் என் தேர்வு. ஒரு டின்னில் 16 லிட்டர் கொதிக்கும். மிச்சமாகும் மூன்று வெள்ளி சொச்சத்துக்காக, இரும்போடு சேர்த்து 28 கிலோ போலக் கனக்கும் தோம்பை யார் தூக்குவது? வாரக்கணக்கில் வேனில் வாழ்கிறவர்கள் கதை வேறு.

கேமரன் மலைக்குப் போனால் டின் இன்னொரு வகையில் ஏமாற்றும். அதில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். கொதிநிலை சுழியத்துக்குச் சற்றுக் கீழே. திரவம் ஆவியாகும்போது டின்னிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் டின் சில்லிட்டுப்போகும். குளிர்ந்த இரவில் சுடர் தளர்வது அதனால்தான். டின் காலியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்காக அதைத் தீயருகே காட்டிச் சூடாக்கவும் கூடாது. வீட்டுத் தோம்பில் புரோப்பேனும் கலந்திருக்கிறது. அது சுழியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதிப்பது; குளிருக்கு அசையாது.

இந்த வேறுபாட்டில்தான் ஆபத்தும் இருக்கிறது. மலிவாயிற்றே என்று தோம்பிலிருந்து காலி டின்னுக்கு கேஸ் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் 30 பாகை வெயிலில் பியூட்டேனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு. புரோப்பேனுக்கோ பத்து மடங்குக்கும் மேல். கலவையின் அழுத்தம் இவ்விரண்டுக்கும் நடுவில் வரும். மெல்லிய தகரத்தால் ஆன டின் பியூட்டேனுக்காகச் செய்யப்பட்டது. அளவு மீறி நிரப்பினால் திரவம் விரிய இடமும் இராது. இருபது காசு மிச்சப்படுத்தப் போய் முகத்தைச் சுட்டுக்கொள்ளும் வேலை இது.

மழைக்குப் பயந்து கூடாரத்துக்குள்ளோ கதவடைத்த வேனிலோ சமைப்பதும் அப்படித்தான். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனையே கிடையாது. கசியும் கேஸுக்கு வாசனை உண்டு, வேண்டுமென்றே சேர்த்தது. ஆனால் பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால்தான் நல்ல காரவன்களில் தோம்பு வைக்கும் பெட்டிக்குக் காற்றுத் துளையை அடித்தட்டிலேயே போடுகிறார்கள்.