கோடை வெயிலில் மக்காச்சோளம் செழிப்பது ஏன்?

கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிடும் கோடையில், இருக்கின்ற தண்ணீரை எந்தப் பயிருக்குப் பாய்ச்சுவது என்பது சிறு விவசாயிகளின் பெரிய கேள்வியாகும். இதற்கு விடை காண, பயிரின் இலைக்குள் நடப்பதைத் தெரிந்து கொள்வது மிகவும் உதவும்.

இலை என்பது பயிரின் சமையற்கூடம். காற்றிலுள்ள கரியமிலவாயு இலைத்துளைகள் வழியாக உள்ளே செல்கிறது. வேர் உறிஞ்சிய நீருடன் அதைச் சேர்த்து, சூரிய ஒளியின் சக்தியைக் கொண்டு இலையிலுள்ள பச்சையம் சர்க்கரை தயாரிக்கிறது. இலைத்துளைகள் திறந்திருக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. ஆகவே, கரியமிலவாயுவுக்குப் பயிர் கொடுக்கும் விலை தண்ணீரே ஆகும்.

நெல்லில் உள்ள குறை

கரியமிலவாயுவைப் பிடிக்கும் பணியை 'ரூபிஸ்கோ' என்னும் நொதி செய்கிறது. இந்த நொதி சில சமயம் கரியமிலவாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவைப் பிடித்துவிடுகிறது. வெப்பம் கூடக்கூட இத்தவறும் கூடுகிறது. இதனால் நெல், கோதுமை, நிலக்கடலை, பருத்தி, பயறு வகைகள் ஆகியவற்றில், கடும் வெயில் காலத்தில் தயாரித்த உணவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை வீணாகக்கூடும்.

மாலை போன்ற அமைப்பு

மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, கரும்பு ஆகியவற்றின் இலை அமைப்பு வேறுவிதமானது. இவற்றில் நரம்புகள் மிக நெருக்கமாக ஓடுகின்றன. ஒவ்வொரு நரம்பையும் பச்சையம் நிறைந்த பெரிய செல்கள் உறைபோல் சூழ்ந்துள்ளன. அவற்றுக்கு வெளியே மற்றொரு வரிசை செல்கள் உள்ளன. உருப்பெருக்கியில் இது மாலை போலத் தோன்றும். ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் 1880-களிலேயே இதை விவரித்தார். இதன் பயனை ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு இலையில் ஆராய்ந்து விளக்கினர்.

வெளிவரிசைச் செல்களில் உள்ள வேறொரு நொதி, பிராணவாயுவைத் தொடாமல் கரியமிலவாயுவை மட்டும் பிடித்து அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் உள்ளிருக்கும் உறைச்செல்களுக்குச் சென்று, அங்கே கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. உறைச்செல்லில் கரியமிலவாயு நெருக்கமாக நிறைந்திருப்பதால் ரூபிஸ்கோ தவறு செய்வது மிகக் குறைவு. இலைத்துளைகளைச் சற்றே மூடிக்கொண்டாலும் பயிருக்கு உணவு தட்டுவதில்லை, தண்ணீரும் மிச்சமாகிறது.

ஒரு கிலோ உலர் எடை உண்டாக்க, இவ்வகைப் பயிர்களின் இலைகள் சுமார் 250 முதல் 350 லிட்டர் நீரை வெளிவிடுகின்றன. நெல், கோதுமை போன்றவற்றில் இது 500 லிட்டருக்கும் மேல் ஆகிறது. நெல் வயலில் தேங்கும் நீர் ஆவியாவதும் நிலத்தில் இறங்குவதும் இக்கணக்கில் சேராதவை.

விவசாயிகள் கவனிக்க

1. கிணற்று நீர் குறைவாக உள்ள கோடையில் நெல்லைத் தவிர்த்து, இறவைச் சோளம், கம்பு, கேழ்வரகு அல்லது கம்பு நேப்பியர் தீவனப்புல் பயிரிடலாம். மக்காச்சோளத்திற்கு ஆண் பூவும் பட்டு நூலும் வெளிவரும் தருணத்தில் நீர் தவறக்கூடாது. தவறினால் கதிரில் மணி பிடிக்காது.

2. கரும்பும் இவ்வினமே. ஆயினும் 10 முதல் 12 மாதங்கள் நிலத்தில் நிற்பதால் மொத்த நீர்த்தேவை மிக அதிகம். நீர் நிச்சயமில்லாத இடத்திற்கு அது ஏற்றதன்று.

3. இவ்விலைகளின் திறமை முழு வெயிலில்தான் வெளிப்படும். அடர்ந்த தென்னந்தோப்பு நிழலில் மக்காச்சோளமும் சோளமும் மெலிந்து போகும். அங்கே மஞ்சள், சேனை போன்றவை ஏற்றவை.

4. இலை திறமையானது என்பதற்காக உரத்தைக் குறைக்கலாகாது. மண் பரிசோதனைப்படி உரமிடுவதே நல்லது.

5. அருகு, கோரை, சாரணை, நெல் வயலில் முளைக்கும் குதிரைவாலிக் களை ஆகியவையும் இதே இலை அமைப்பு உடையவை. வெயிலில் நெல்லை முந்தி வளர்ந்துவிடும். எனவே நடவு நெல்லில் நட்ட 15-ஆம் நாளிலும் 35-ஆம் நாளிலும் களையெடுத்துவிட வேண்டும்.

இந்த அமைப்பை நெல்லிலும் உண்டாக்கப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் பிற நாட்டு விஞ்ஞானிகளும் முயன்று வருகின்றனர். அத்தகைய ரகம் இன்னும் வயலுக்கு வரவில்லை. அதுவரை, பருவத்தையும் கிணற்று நீரையும் அறிந்து பயிரைத் தேர்ந்தெடுப்பதே விவசாயிகளின் கையிலுள்ள வழியாகும்.