பேனரில் மட்டும் சர்வதேசம்

“இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ் அண்ணாச்சி. தொலைதூரக் கல்வி, எஜுகேஷன் டெக்னாலஜி ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கான். கட்டுரை அனுப்புன மறுநாளே ஏத்துக்கிட்டோம்னு மெயில் வந்துடுச்சு” என்றான் தம்பி. மும்பை தாராவிப் பையன். செம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் புதிதாக விரிவுரையாளர். சந்தோஷம்தான், ஆனால் அந்த ‘மறுநாளே’ எனக்கு உதைத்தது. முதலில் டீயைக் குடி, அப்புறம் பேசலாம் என்றேன்.

இந்த ‘இன்டர்நேஷனல்’ எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் 2010க்குப் போக வேண்டும். அந்த வருஷம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த விதிமுறைப்படி, ஆசிரியர் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கணக்கு. சர்வதேசக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 10, தேசிய அளவில் 7.5, மாநில அளவில் 5, உள்ளூரில் வாசித்தால் வெறும் 3. விளைவு என்ன? உள்ளூர்க் கருத்தரங்கு என்ற இனமே அருகிப்போனது. அரைநாள் கூட்டத்துக்குக்கூட வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரைத் திரையில் கொண்டுவந்து, பேனரில் ‘சர்வதேச’ என்று சேர்த்துவிடுவார்கள். 2018இல் விதிமுறை மாறியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

“அப்ப நிஜமானது எப்படி இருக்கும்?” என்றான்.

நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. ஆசிய பசிபிக் நாடுகளின் கணினிவழிக் கல்விச் சங்கம் வருஷா வருஷம் ஒரு நாட்டில் நடத்துகிற மாநாட்டை, 2016 நவம்பர் 28 முதல் டிசம்பர் 2 வரை பவாய் ஐஐடியில் வைத்தார்கள். அது இருபத்து நாலாவது மாநாடு. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை; வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஆட்டோவுக்குச் சில்லறை எப்படித் தேற்றினார்களோ! அது முடிந்த கையோடு அதே வளாகத்தில் ‘டெக்னாலஜி ஃபார் எஜுகேஷன்’ மாநாடும் நடந்தது. இது இந்தியாவுக்குள்ளேயே ஊர் ஊராக மாறி நடந்த மாநாடு.

இந்த மாதிரி இடத்தில் கட்டுரை அனுப்பினால் மறுநாள் பதில் வராது. துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் படிப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும். ‘எத்தனை மாணவர்களிடம் சோதித்தாய், எதோடு ஒப்பிட்டாய், முன்னால் இதைச் செய்தவர் யார்’ என்று குடைவார்கள். முழுக் கட்டுரையாக அனுப்பியதை ‘சுருக்கிக் கொண்டுவா’ என்பார்கள், இல்லை போஸ்டராக ஒட்டச் சொல்வார்கள். போஸ்டர் என்றால் மட்டம் என்று நினைக்காதே. மேடையில் பேசுகிறவனுக்குப் பதினைந்து இருபது நிமிஷம், அதில் பாதிப் பேர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போஸ்டர் பக்கத்தில் நிற்கிறவனிடம் வேலை தெரிந்த ஆள் நேரே வந்து நின்று கேள்வி கேட்பான். புதிதாக வருகிறவனுக்கு அதுதான் லாபம்.

தொடக்க விழா, குத்துவிளக்கு, பையும் பேனாவும்: இதெல்லாம் போலியிலும் உண்டு, அசலிலும் உண்டு. அதை வைத்து அடையாளம் பார்க்க முடியாது.

இந்தக் கல்வித் தொழில்நுட்பத் துறையில் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பாடம் போய்ச் சேர்ந்தது சரி, பிள்ளை கற்றுக்கொண்டதா? 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ டிவி காட்டியது. அப்போதே மானுடவியல் படித்தவர்களைச் சில கிராமங்களில் தங்கவைத்து, பெட்டிக்கு முன்னால் யார் உட்காருகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்கள். இன்றைக்கு வீடியோ ஏற்றிவிட்டு வியூஸ் மட்டும் எண்ணுகிறோம். இணையத்தில் இலவசமாக நடக்கிற பெரிய படிப்புகளில் பதிவு செய்தவர்களில் பத்தில் ஒருவர் முடித்தாலே அதிகம்.

பவாய் ஐஐடிக்காரர்கள் இதற்கு இரண்டு வழி பார்த்தார்கள். ஒன்று, ‘ஸ்போக்கன் டுடோரியல்’. கணினி மென்பொருள் கற்றுத்தரும் பத்து நிமிஷ வீடியோக்கள். திரையின் பாதியில் வீடியோ, மறுபாதியில் அந்த மென்பொருள். வீடியோவில் செய்து காட்டுவதை நீயும் கூடவே செய்ய வேண்டும். குரல் தமிழிலும் கிடைக்கும், ஆனால் திரையில் மெனு ஆங்கிலத்திலேயே இருக்கும். வேலைக்குப் போகிற இடத்தில் ஆங்கில மெனுதானே இருக்கப்போகிறது என்று யோசித்துச் செய்தது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது. இன்னொன்று, வீடியோவை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி போட்டு, ‘நோட்டில் எழுதிவிட்டுத் தொடருங்கள்’ என்பது. பார்த்துக்கொண்டே தூங்குகிறவனை எழுப்புகிற வேலை.

“நீ என்ன எழுதியிருக்கே?” என்றேன்.

2020இல் பள்ளி மூடியபோது தாராவியில் வீட்டுக்கு ஒரே போன். அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அதனால் ராத்திரியில் பார்க்கிற மாதிரி தமிழில் கணக்கு வீடியோ போட்டானாம். நல்ல விஷயம். ஆனால் கட்டுரையில் இருப்பதெல்லாம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கைதான்.

“எந்த இடத்துல பார்க்கறதை விட்டாங்க?”

“அது யூடியூப்லயே கிராஃபா வரும் அண்ணாச்சி” என்று போனை எடுத்துக் காட்டினான். பின்னம் நடத்திய வீடியோவில் கோடு கொஞ்ச நேரம் படுத்தபடி போய், ஓர் இடத்தில் செங்குத்தாக இறங்கியது. அந்த இடத்தைத் தட்டிப் போட்டுப் பார்த்தோம். பகுதி சமமில்லாத இரண்டு பின்னங்களைக் கூட்டுகிற இடம். பொதுமடங்கு எப்படி வந்தது என்று சொல்லாமலே அடுத்த வரிக்குத் தாவியிருக்கிறான்.

“இதை மாத்தி எடு. மாத்தினதுக்கு அப்புறம் கோடு எங்க இறங்குதுன்னு பாரு. நாலு பிள்ளைங்களைக் கூப்பிட்டு நோட்டுல போடவும் சொல்லு. அப்புறம் எழுது. அந்த மறுநாள்காரனுக்குப் பணம் கட்டிட்டியா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு அண்ணாச்சி.”

“கட்டாதே.”