உப்புக் காற்றுக்கு எந்தக் கம்பி?

பழவேற்காடு, கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், ஜமீலாபாத், கோரைக்குப்பம் என்று ஏரியையும் கடலையும் ஒட்டிய ஊர்களில் கடை வைத்திருக்கும் மளிகை வியாபாரிகள் பலர், அரிசி பருப்போடு சிமெண்ட், ஆணி, கட்டுக்கம்பியும் சேர்த்து விற்று வருகிறார்கள். கீற்றுக் கொட்டகை போய்த் தளம் போட்ட வீடு வந்து விட்ட காலம் இது. வீடு கட்டும் மீனவக் குடும்பம் முதலில் யோசனை கேட்பது என்ஜினியரிடம் அல்ல, கணக்கு வைத்திருக்கும் கடைக்காரரிடம்தான். "துருப்பிடிக்காத கம்பி எது, அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். இரும்பு மொத்த வியாபாரத்தில் நீண்ட காலம் இருப்பவர்கள் என்ற முறையில் நாம் சொல்லும் பதில் இதுதான்: சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் துருவே பிடிக்காத கம்பி கிடையாது.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லி விடுகிறோம். பழைய நாளில் வழுவழுப்பான உருட்டுக் கம்பி ஓடியது. பிறகு முறுக்குக் கம்பி, அதாவது டார் கம்பி வந்தது. குளிர்ந்த நிலையில் முறுக்கிப் பலம் ஏற்றியதால், உப்புக் காற்றில் அது சீக்கிரம் அரித்தது. இன்று சந்தை முழுவதும் டி.எம்.டி. தான். சூடாக உருட்டி வரும்போதே தண்ணீர் பீய்ச்சி மேல் பகுதியைக் கடினமாக்கி, உள்பகுதியை இளக்கமாக விடுகிறார்கள். அதனால் வளைத்தால் வெடிப்பதில்லை. எஃப்.இ. 415, 500, 500டி, 550டி என்று போட்டிருப்பது பலத்தின் அளவு. துருவுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. "550 வாங்கினால் துருப்பிடிக்காது" என்று சொல்லி விற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது தவறு. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள 'டி' என்ற எழுத்து கம்பி கூடுதலாக இழுபடும் என்பதற்கான அடையாளம்.

அடுத்தது சி.ஆர்.எஸ். கம்பி. இதில் செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு சேர்ந்திருக்கும். அரிப்பைத் தாமதப்படுத்தும், தடுத்து விடாது. விலை வித்தியாசம் தாங்கினால் கடலோரத்தில் இதை வாங்குவது நல்லது. எபாக்சி பூசிய கம்பி பெரிய பாலங்களுக்குச் சரி. நம் ஊர்களில் வெயிலில் போட்டு, தரையில் இழுத்து, சம்மட்டியால் தட்டி வளைக்கிற வேலையில் பூச்சு பெயர்ந்து, அந்த இடத்தில்தான் அரிப்பு குடிகொள்ளும். காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிமெண்டும் பாலிமரும் கலந்த ஒரு பூச்சைக் கம்பிக்கென்றே உருவாக்கியது. கம்பியை வளைத்து முடித்த பிறகு பூச ஏற்றது. துருவேறா எஃகுக் கம்பி இருக்கிறதே என்று கேட்கலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் அதைப் போட்டார்கள். அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆக, கம்பியை விடக் கம்பியைச் சுற்றி இருப்பதுதான் முக்கியம். சிமெண்டில் உள்ள காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று காக்கிறது. உப்பு உள்ளே போனால் அந்தப் படலம் உடையும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அதனால்தான் கான்கிரீட் வெடித்துப் பிளக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் கட்டிய குடியிருப்புகளில் கூரைக் காரை உதிர்ந்து விழுகிறது என்று கடலோர ஊர்கள் பலவற்றிலிருந்தும் வந்த புகார்களைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். குழந்தை படுத்திருக்கும் இடத்தில் அது விழுந்தால் என்னவாகும்?

இந்த உப்பு பாதி நேரம் காற்றில் வருவதில்லை, நாமே கலந்து போடுகிறோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதி. கடல் நீரில் அது ஏறக்குறைய 19,000. வாயில் வைத்தால் கரிக்கிற போர் தண்ணீரை ஊற்றிக் கலவை போட்டு, பிறகு அதிலேயே தளத்துக்குப் பாத்தி கட்டுகிறார்கள். ஏரி மணலும் கடற்கரை மணலும் சும்மா கிடைக்கிறது என்று எடுத்துப் போடுகிறார்கள். கம்பியில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதை விட, நல்ல தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் பணமே வீட்டைக் காக்கும்.

கம்பிக்கு வெளியே கான்கிரீட் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதிலும் இதே கதைதான். கடலோரக் கட்டடத்துக்கு அதே விதி 45 மி.மீ. கேட்கிறது, அலைத் துளி நேரே படும் இடத்துக்கு 50. மேஸ்திரிகள் பழக்கத்தில் ஒரு ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகி விட்டு விடுவார்கள். கவர் பிளாக் என்று கட்டையாக விற்கிறது, கடையில் ஒரு மூட்டை வாங்கி வைத்தால் விற்கும், புண்ணியமும் உண்டு. சிமெண்ட் ஒரு கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையக் கூடாது. மூட்டைக்கு 22½ லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொழகொழவென்று இருந்தால் வேலை சுலபம் என்று ஊற்றிக் கொண்டே போவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டியது 1613இல். அவர்கள் கல்லறைத் தோட்டம் இன்றும் நிற்கிறது. செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவருக்குள் துருப்பிடிக்கக் கம்பி இல்லை!

மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பியை நீட்டி விட்டுப் பத்து வருஷம் விட்டு விடுவது நம்மவர் வழக்கம். இந்தக் காற்றில் அது விரல் கனத்திலிருந்து குச்சியாகி விடும். அதன் மேல் மாடி தூக்கினால் ஆபத்து. நீட்டிய கம்பிக்குச் சிமெண்ட் பால் பூசி, சாதாரணக் கலவையில் சிறு தூணாக மூடி வைத்தால் பிறகு உடைத்து எடுத்துக் கொள்ளலாம்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்ப்பதோடு எடையும் பாருங்கள். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்து விடும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ, 8 மி.மீ. 4.74 கிலோ. மொத்தமாக எடை போடும்போது 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதற்கும் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். எண்ணிக்கைக் கணக்கில் வாங்குபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். மெலிந்த கம்பி துருவுக்குச் சீக்கிரம் தீனியாகும்.

கடைசியாக, மளிகைக்காரர்களுக்கென்றே ஒன்று. உப்பு மூட்டையைக் கடைத் தூணில் சாய்த்து அடுக்காதீர்கள். மழைக் காலத்தில் கசிகிற உப்பு நீர் தூணின் அடியில் ஊறிக் கம்பிக்கே போய்ச் சேரும். சுவருக்கு ஒரு முழம் தள்ளி, மரக் கட்டை மேல் அடுக்குங்கள். ஷட்டரின் அடிப் பட்டைக்கும் இதே பாடுதான். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு வையுங்கள்.