மணம் தந்த பழுது

பக்கத்து வீட்டில் சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி வெந்தால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மணமே தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிடும். மசாலாவின் பங்கு ஒருபுறம் இருக்கட்டும். வெறும் சோறாக வடித்தாலும் சில அரிசிகள் மணக்கின்றனவே, அந்த மணம் எங்கிருந்து வருகிறது?

அதற்கு முக்கியக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் பொருள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். இலங்கைச் சமையலில் சேர்க்கும் ரம்பை இலையில் மணப்பதும் இதுவே. 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 100 நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நீரிலும் இப்பொருளில் 0.1 கிராம் மட்டும் கலந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும்! எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத் தராசு இதன் முன் தலைகுனிய வேண்டியதுதான்.

நெல்லின் 8ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன், குறிப்பிட்ட நொதி ஒன்றைச் செய்யச் சொல்கிறது. அந்த நொதி ஓர் இடைப்பொருளை வேறொன்றாக மாற்றிவிடும். ஜீன் பழுதானால் நொதி உருவாகாது. இடைப்பொருள் தேங்கி, மணப்பொருளாகிறது. மணநெல்களில் இந்த ஜீனில் 8 எழுத்துகள் விடுபட்டிருப்பதை ஆஸ்திரேலிய அறிவியலார் 2005இல் வெளியிட்டனர்.

எட்டே எழுத்துகளா என்கிறீர்களா? ஜீனின் செய்தி மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது. 'கடல் மரம் பழம்' என்பதில் 'ட'வை நீக்கி, மும்மூன்றாகவே படித்துப் பாருங்கள்: 'கல்ம ரம்ப ழம்'. மூன்றால் வகுபடாத எண்ணிக்கை விடுபட்டால் அதன்பின் எல்லாமே உளறல்தான்.

இதே எட்டெழுத்துப் பழுது வடநாட்டுப் பாஸ்மதியிலும் இருக்கிறது, தாய்லாந்தின் மல்லிகை அரிசியிலும் இருக்கிறது. அப்படியானால் இரண்டும் உடன்பிறப்புகளா? இல்லை! மற்ற ஜீன்களை ஒப்பிட்டால் மல்லிகை அரிசி 'இண்டிகா' குடும்பம். பாஸ்மதியோ 'ஜப்பானிகா'வுக்கு நெருங்கிய தனிக் கிளை. எங்கோ ஒரு முறை நேர்ந்த பழுது, கலப்பினால் பரவ, மணத்தை விரும்பிய உழவர்கள் அதைத் தேர்ந்து தேர்ந்து விதைத்திருக்க வேண்டும். சீனாவின் சில வகைகளில் அதே ஜீன் வேறோர் இடத்தில் பழுதாகியிருக்கிறது. இதைப் 'பழுது' என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

சரி, ஒரு மணநெல்லைக் காப்பாற்றினால் போதாதா? போதாது. பாஸ்மதி வெந்தால் ஏறத்தாழ இரு மடங்கு நீளும். சீரகச் சம்பா சீரகம் போலச் சிறுத்திருக்கும். மணிப்பூரின் சக்காவ் கறுப்பரிசி. மணத்தை மட்டும் வேறு நெல்லுக்கு மாற்றுவது அவ்வளவு கடினமன்று. மணமில்லாத நெல்லுடன் கலந்தால், இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு செடி மணக்கும். இலையை நறுக்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 10 நிமிடம் மூடி வைத்து, முகர்ந்தே பிரித்துவிடலாம். ஆனால் சோற்றின் பதம், பூக்கும் பருவம் போன்றவை பல ஜீன்கள் சேர்ந்து தருபவை. முகர்ந்து அறிய முடியாத அந்தச் சேர்க்கைதான் ஒவ்வொரு வகையிலும் வேறுபடுகிறது.

1960களுக்குப் பின் அதிக விளைச்சல் தரும் குட்டை நெற்கள் வந்தன. பல ஊர்களில் சிறுமணி வாசனை நெற்களின் பரப்பு சுருங்கியது. சில ஆண்டுகள் தொடர்ந்து விதைக்காமல் விட்டால் குதிரில் இருக்கும் விதைநெல் முளைப்புத் திறனை இழந்துவிடும். பிறகு அதைக் குத்திச் சோறாக்கலாமே தவிர, பயிராக்க முடியாது.