வண்ணம் சொன்னதும் காந்தம் சொன்னதும்

ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவ அறிவியலில் காந்தவியல் பாடம் வருகிறது. பல ஆண்டுகள் நடத்திய பாடம் என்பதால், ஆய்வகப் பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே ஒருநாள் வகுப்புக்கு எடுத்துச் சென்றுவிட்டேன். அந்த அலட்சியம் எனக்குக் கற்றுத் தந்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சட்ட காந்தமும் நூலும் கொடுத்தேன். காந்தத்தைத் தடையின்றித் தொங்கவிட்டு, அது எந்தத் திசையில் நிற்கிறது என்று எழுதச் சொன்னேன். மூன்று குழுக்களில் சிவப்பு வண்ணம் பூசிய முனை வடக்கு நோக்கி நின்றது. நான்காவது குழுவிலிருந்து ஒரு மாணவி, "டீச்சர், எங்க காந்தத்துல சிவப்பு முனை தெற்குப் பக்கம் நிக்குது" என்றாள்.

"நூல் முறுக்கியிருக்கும், சரியாகச் செய்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவள் நோட்டில் 'தெற்கு' என்றே எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, 'வடக்கு' என்று திருத்தினேன். மறுபேச்சு இல்லாமல் அவளும் மாற்றி எழுதிக்கொண்டாள்.

மாலையில் பொருள்களை எடுத்து வைக்கும்போது ஏதோ உறுத்த, அந்தக் காந்தத்தை நானே தொங்கவிட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் சிவப்பு முனை தெற்கையே காட்டியது. அந்த மாணவி கண்டது சரி. நான் போட்ட குறிதான் தவறு.

காந்தம் ஏன் மாறியது?

பெட்டியின் அடியில் விடை கிடந்தது. முந்தைய ஆண்டு ஒரு மாணவன் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்து வந்த கனமான வளையக் காந்தத்தை, சட்ட காந்தங்களோடு சேர்த்துப் போட்டு வைத்திருந்தேன். கோடை விடுமுறை முழுவதும் அவை ஒட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன.

காலை வணக்கக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். மாணவர்கள் எல்லோரும் ஒரே திசை நோக்கி நிற்கிறார்கள். காந்தத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு காந்தப் பகுதிகள் பெரும்பாலும் ஒரே திசை நோக்கி அணிவகுத்திருக்கின்றன. இரும்பாணியிலும் இதே பகுதிகள் உண்டு. ஆனால் இடைவேளை நேரத்து மாணவர்களைப்போல் ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும். காந்தத்தைச் சூடாக்கினாலும், சுத்தியலால் தட்டினாலும், அடிக்கடி கீழே போட்டாலும் வரிசை கலையும், காந்தத்தன்மை குறையும். வலிமை மிக்க இன்னொரு காந்தம் எதிர்த்திசையில் அருகே இருந்தால் வரிசை முழுவதும் பின்பக்கம் திரும்பிவிடலாம். எங்கள் காந்தத்துக்கு நேர்ந்தது அதுதான். துருவங்கள் இடம் மாறின; மேலே பூசிய வண்ணம் மாறவில்லை.

வகுப்பு நடத்திய விசாரணை

மறுநாள் முதல் வேலையாக அந்த நோட்டை வாங்கி, என் திருத்தத்தை அடித்துவிட்டு, 'நீ எழுதியதே சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நடந்ததை வகுப்பிலும் சொன்னேன். பிறகு, "எது தவறான காந்தம் என்று தொங்கவிடாமலே கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

ஓரினத் துருவங்கள் விலக்கும், வேறினத் துருவங்கள் ஈர்க்கும் என்பதை மனப்பாடமாகச் சொன்ன வகுப்பு, முதன்முறையாக அதைப் பயன்படுத்தியது. சிவப்பு முனையோடு சிவப்பு முனையைச் சேர்த்தார்கள். மூன்று காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளின. நான்காவது மட்டும் போய் ஒட்டிக்கொண்டது!

இங்கே ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. ஒரு பொருள் காந்தத்தால் ஈர்க்கப்படுவதால் மட்டும் அதுவும் காந்தம் என்று சொல்லிவிட முடியாது. வெறும் இரும்பாகவும் இருக்கலாம். விலக்கினால்தான் இரண்டுமே காந்தங்கள் என்று உறுதியாகும்.

அடுத்து, காந்தத்தைச் சரிசெய்தோம். நூலில் தொங்கும் நல்ல காந்தத்தின் வடதுருவத்தை ஈர்க்கும் பக்கமே வளையக் காந்தத்தின் தென்துருவம். அந்தப் பக்கத்தால், சட்ட காந்தத்தின் சிவப்பு இல்லாத முனையில் தொடங்கிச் சிவப்பு முனைவரை ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முடிவில் கையை உயர்த்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாணவர்கள் முறைவைத்து 40 முறை தேய்த்தார்கள். தொங்கவிட்டபோது சிவப்பு முனை மெல்லத் திரும்பி வடக்கில் நின்றது. அன்று வகுப்பில் எழுந்த கைத்தட்டல் எனக்கானது அல்ல.

சோதித்துப் பார்த்தவர்

1600ஆம் ஆண்டில் காந்தம் பற்றிய நூலை வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட்டைப் பற்றியும் பேசினோம். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று விளக்கியவர் அவர். வைரத்தால் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்று அக்காலத்தில் ஒரு கருத்து இருந்தது. கில்பர்ட் அதை அப்படியே ஏற்கவில்லை. பலர் முன்னிலையில் 75 வைரங்களைக் கொண்டு சோதித்து, அது பொய் என்று காட்டினார். நூலில் இருப்பதைவிடக் கண்ட சான்றே பெரிது என்று நின்றவரைப் பற்றிச் சொல்லும்போது, என் பார்வை நான்காவது குழுவின் பக்கம் போனது.

வீட்டில் தேடுவோம்

'காந்தம் எல்லா உலோகங்களையும் ஈர்க்கும்' என்ற தவறான எண்ணம் பல மாணவர்களிடம் உண்டு. சிறு காந்தத்தைக் கொடுத்து வீட்டில் சோதிக்கச் சொன்னால் போதும். செம்புக் குடமும் பித்தளை விளக்கும் அலுமினியப் பாத்திரமும் ஒட்டாது. எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. எஃகின் கலவை வேறுபடுவதே காரணம். எஃகாலான 1 ரூபாய் நாணயம் ஒட்டும். 10 ரூபாய் நாணயம் ஒட்டாது. அதன் நடுப்பகுதியில் நிக்கல் கலந்திருந்தும் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டுப் பாருங்கள். செம்போடு கலந்த நிக்கல் தனி நிக்கலைப்போல் நடந்துகொள்வதில்லை என்ற விடைக்கு உரையாடல் தானே நகரும்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ஓர ரப்பருக்குள், ஒலிபெருக்கியில், மிதிவண்டி டைனமோவில், பென்சில் பெட்டியின் மூடியில் என்று காந்தம் இருக்கும் இடங்களை மாணவர்களே பட்டியலிடுவார்கள். அரிசி ஆலையில் தானியத்தோடு வரும் ஆணித் துண்டுகளைப் பிரிக்கவும் காந்தம் பயன்படுகிறது.

சில முன்னெச்சரிக்கைகள்

சட்ட காந்தங்களை இரண்டிரண்டாக, எதிரெதிர்த் துருவங்கள் அருகருகே இருக்கும்படி வையுங்கள். நடுவில் ஒரு மரத்துண்டும், இரு முனைகளிலும் தேனிரும்புத் துண்டுகளும் இருக்கட்டும். லாட காந்தத்தின் இரு முனைகளையும் இணைத்து ஓர் இரும்புத் துண்டு வைத்தால் போதும். ஒலிபெருக்கிக் காந்தத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும்.

பொம்மைகளில் வரும் சிறிய, வலிமையான காந்தங்களைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று ஈர்த்துக் குடலில் துளையிடக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் பாடத்துக்கு முந்தைய நாள் எல்லாக் காந்தங்களையும் தொங்கவிட்டுப் பார்த்துவிடுகிறேன். அதைவிட முக்கியமாக, நான் எதிர்பாராத விடையை ஒரு நோட்டில் கண்டால், சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன் "இன்னொரு முறை செய்து காட்டுகிறாயா?" என்று கேட்கிறேன்.