குரங்கைக் கவனித்து ஒரு முனைவர் பட்டம்

சோளிங்கர் மலையின் 1305 படிகளில் தேங்காய் மூடியைப் பறிக்கும் குரங்கைத் திட்டாதவர் உண்டா? அந்த நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவில் மட்டுமே வாழ்கிறது. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கு அதன் இடங்களைப் பிடித்து வருவதாக 2011-இல் ஆய்வாளர்கள் எழுதினர். கோயிலில் கூட்டமாகத் தெரிந்தாலும், இன்று அது அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இத்தகைய குரங்குகளை ஆராய்ந்து மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பலர் முனைவர் பட்டம் பெற்றுள்ளனர். பொதுவாக முதலில் விலங்கியல் போன்ற பாடத்தில் முதுகலை முடிப்பார்கள். பிறகு காட்டில் பல மாதங்கள்! கடிகாரமும் குறிப்பேடுமே முக்கியக் கருவிகள். முகம், தழும்பு கொண்டு ஒவ்வொரு குரங்கையும் இனம்காண வேண்டும். ஒன்றைத் தேர்ந்து, குறித்த நேரம்வரை அது தின்பதையும் பேன் பார்ப்பதையும் எழுத வேண்டும். பக்கத்தில் சண்டை நடந்தால்? அங்கே கண்ணைத் திருப்பக்கூடாது. திருப்பினால், குரங்குகள் சதா சண்டையிடுவதாகக் கணக்கு காட்டும். ஆப்பிரிக்கப் பபூன்களை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் அம்மையார் 1974-இல் இதை விளக்கினார்.